பின்பக்கத்து ரப்பர்

வாங்க தம்பி, வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும். காலையில போன்ல பேசினது நீங்கதானே? லிஃப்ட் வேற ஓடல, மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. உக்காருங்க, தண்ணி எடுத்துட்டு வர்றேன். இல்ல, மொதல்ல மெஷினைப் பாத்துடறீங்களா? சரி, அதையே பாத்துடுங்க. இந்த ரூம்தான்.

பாத்தீங்களா? வேற வீடுங்களுக்கும் போயிருப்பீங்க. டிரெட்மில்னு காட்டுவாங்க, மேல நாலு ஈரத் துண்டும் ஒரு பாவாடையும் காயும். எங்க வீட்ல ஒரு நாள் ஒரு கைக்குட்டை காஞ்சதில்ல இதுல. உழைச்ச மெஷின். மோட்டார் நல்லாருக்கு, பெல்ட் நல்லாருக்கு, பலகை புதுசு, ரப்பர் நாலும் புதுசு. ஏன் புதுசு போட்டீங்கன்னு நாளைக்கு நீங்க கேக்கக்கூடாது இல்லியா, அதான் இப்பவே சொல்லிடறேன்.

குனிஞ்சு பாருங்க. பலகைக்கும் இரும்புச் சட்டத்துக்கும் நடுவுல கறுப்பா தெரியுதா? முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டு. ஷாக் அப்சர்பர்னு பேரு பெரிசு, பாத்தா எலுமிச்சம்பழம் அளவு ரப்பர் கட்டை. நாம காலை வைக்கிற ஒவ்வொரு வாட்டியும் அது அமுங்கி, அடியை வாங்கிட்டு, மறுபடி எழுந்திரிக்கணும். எழுந்திரிக்கிற வரைக்கும்தான் மெஷின். எழுந்திரிக்கலைன்னு வைங்க, பலகை இரும்புல இடிக்கும், இரும்பு தரையில இடிக்கும், தரை கீழ் வீட்டுக்காரங்க தலையில இடிக்கும்.

ஒரு நிமிஷம், போன்... ச்சே, லோன் வேணுமான்னு கேக்கறான். சென்டர்லேர்ந்துன்னு நெனைச்சு பாக்காமலே எடுத்துட்டேன்.

ரெமியோட சென்டர். என் பையன் தம்பி, இருபத்தியோரு வயசு. ஆட்டிசம். பத்து மணிக்கு வேன் வந்து கூட்டிட்டுப் போவாங்க, மத்தியானம் கொண்டாந்து விடுவாங்க. அங்க ஏதாச்சும்னா உடனே கூப்பிடுவாங்க, போய் நிக்கணும். அதனால போனை எட்ட வைக்கிறதில்ல. நான் ரயில்வேல கணக்குப் பிரிவு. சனிக்கிழமைங்கறதால வீட்ல இருக்கேன்.

மெஷின் வாங்கினதே ரெமிக்காகத்தான். அவனால ஒரு இடத்துல இருக்க முடியாது. சாப்பிடறதே நின்னுக்கிட்டுதான். ஒரு வாய் வாங்கிட்டு பால்கனி வரைக்கும் போவான், திரும்பி வந்து அடுத்த வாய். குதிகால் தரையில படாது. சின்னதுலேர்ந்து முன்னங்கால்லயேதான் நடப்பான், சுவருக்கு அந்தாண்ட எதையோ எட்டிப் பாக்கிற மாதிரி. என் வீட்டுக்காரி ஃப்ளோரா, காலையில ஒரு நடை, சாயங்காலம் ஒரு நடை, திண்டுக்கல் ரோட்டோரமா கூட்டிட்டுப் போவா. அப்படித்தான் ஓடிக்கிட்டிருந்துச்சு.

ஒரு நாள் அவ கையை உதறிட்டு நடு ரோட்டுக்குப் போயிட்டான். சிமெண்ட் லாரி. டிரைவர் புண்ணியவான், பிரேக் மேலயே ஏறி நின்னிருக்கான். ரெமி அந்த லாரி பம்பரைத் தடவிப் பாத்துட்டு சிரிச்சானாம். ஃப்ளோரா வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னா. சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரியவே தெரியாது. சொன்னா. அன்னைக்கே நான் முடிவு பண்ணிட்டேன். இனிமே ரோடு கிடையாது.

கடையில போய் நல்ல மெஷினா பாத்து எடுத்தேன். ஃப்ளோரா வேணாம்னா. "அவனுக்கு நடக்கணும்னு மட்டும் இல்லீங்க. போகணும்"னா.

"ரெண்டும் ஒண்ணுதானே? நடந்தா போறதுதானே?"ன்னேன்.

அதுக்கு அவ பதில் சொல்லல. ஃப்ளோராகிட்ட அது ஒரு நல்ல குணம் தம்பி, ஒரு விஷயத்தைப் புரிய வெச்சிட்டா அப்புறம் எதிர்த்துப் பேச மாட்டா. ரெமிக்கு மூணு வயசு ஆனப்ப ஸ்கூல் வேலையை விட்டா, அதுவும் அப்படித்தான். அவளா எடுத்த முடிவு. நான் எடுத்துச் சொன்னேன், அவ எடுத்தா. கோயில் பாட்டுக் குழுவுலேர்ந்து நின்னதும் அப்படித்தான்.

மெஷின் வந்ததும் ரெமிக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. முன்னாடி கைப்பிடியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, பெல்ட் ஓடுறதைக் குனிஞ்சு பாத்துக்கிட்டே நடப்பான். சாயங்காலம் ஏறினான்னா ராத்திரி சாப்பாடு வரைக்கும் இறங்க மாட்டான். எனக்கு நிம்மதி. ஆபீஸ்ல உக்காந்திருந்தா மனசுல லாரி வராது. ஃப்ளோராகிட்ட ஒண்ணே ஒண்ணுதான் சொல்லி வெச்சிருந்தேன். அவன் சென்டர்ல இருக்கிற நேரத்துல நீ வீட்ல இரு, எங்கயும் போயிடாத, போன் வந்தா உடனே போய் நிக்க ஆள் வேணும்னு. அதுக்கும் அவ சரின்னுட்டா.

இருங்க, வெளிக்கதவைத் தாழ்ப்பாள் போட்டேனா? போட்டிருக்கேன். ரெமி வீட்ல இல்லைன்னாலும் பழக்கம் விட மாட்டேங்குது.

எங்க விட்டேன்? ஆங், சத்தம். ஒரு மழை சீசன் போச்சு, சத்தம் ஆரம்பிச்சுது. தடக், தடக்னு. மெக்கானிக் வந்து கழட்டிப் பாத்தான். முன்னாடி ரப்பர் ரெண்டும் வாயைப் பிளந்து கெடக்கு. "எப்படிப்பா இவ்ளோ சீக்கிரம்?"னு கேட்டா, அவன் சொல்றான், "சார், இது அரை மணி நேரம் நடக்கிறவங்களுக்குச் செஞ்ச மெஷின். ரப்பர் அமுங்கினா பழைய வடிவத்துக்கு வர அதுக்கும் கொஞ்ச நேரம் வேணும். நீங்க விடாம ஓட்டினா சூடாகும், சூடானா இறுகும், இறுகினா வெடிக்கும். அதுக்கு மேல தம்பி முன்னங்கால்ல நடக்கிறாரு, மொத்த பாரமும் ஒரே இடத்துல இறங்குது."

நியாயம்தான். மாத்தினேன். அப்புறம் நானே உக்காந்து படிச்சேன், வீடியோ பாத்தேன். ஆபீஸ்ல கூட கேப்பாங்க, என்ன சார் எந்நேரமும் ரப்பர் படமாவே பாக்கறீங்கன்னு. ரப்பர் தேய நூறு காரணம் இருக்கு தம்பி. தரை மட்டமா இல்லைன்னா ஒரு பக்கம் தேயும். இந்த ரூம்லயே பாருங்க, தண்ணி ஓடறதுக்காக பால்கனிப் பக்கம் சரிச்சுக் கட்டியிருக்கான், அந்த மூலை மட்டும் எக்ஸ்ட்ரா பாரம். ஜன்னலைச் சாத்தி வெச்சா சூடு. வியர்வை இறங்கினா உப்பு. தூசி சேந்தா அறுக்கும். நானும் என்னால ஆனது எல்லாம் செஞ்சேன். வாரா வாரம் ஞாயித்துக்கிழமை பூசைக்குப் போயிட்டு வந்ததும் மொத வேலை, தையல் மெஷின் எண்ணெய் வாங்கி நாலு ரப்பருக்கும் நல்லா ஊத்தி விடுவேன். எண்ணெய் பட்டா ரப்பர் ஊதி அழுகிப்போகும்னு அந்த மெக்கானிக் அப்புறம் சொன்னான். அவன் சொல்லுவான். கம்பெனி ரப்பர் மட்டம்னு ஒத்துக்குவானா?

அடுத்து போச்சு பாருங்க, பின்பக்கத்து ரப்பர். ரெண்டும். இது எப்படின்னு எனக்குப் புரியவே இல்ல. ரெமி பின்பக்கம் போறதே இல்லியே. கைப்பிடியை விட மாட்டானே. மெக்கானிக் மல்லாக்கப் படுத்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு எழுந்து உக்காந்தான்.

"வீட்ல யாரோ ஓடறாங்க சார்."

"நடக்கறான்பா. ஓடல."

"இது தம்பி இல்ல சார். கைப்பிடியை விட்டுட்டு, கையை வீசி ஓடறவங்க. அவங்கதான் கொஞ்சம் கொஞ்சமா பின்னாடி போவாங்க. குதிகால் ஊனி, நல்ல வேகமா..."

அப்ப ஃப்ளோரா அவனுக்குக் காப்பி கொண்டாந்தா. அவன் அவளை நிமிர்ந்து பாத்தான். பாத்துட்டு பேச்சை அப்படியே நிறுத்திட்டான். காப்பியைக் குடிச்சான், ரப்பரை மாட்டினான், போயிட்டான். தப்பு கம்பெனி மேல, வேற என்ன பேசுவான்? நான் கம்பெனிக்கே மெயில் போட்டேன். உபயோகிக்காத பக்கத்து ரப்பர் எப்படித் தேயும், விளக்கம் குடுங்கன்னு கேட்டேன். அவங்களால பதில் சொல்ல முடியல.

கொஞ்ச நாள்ல மறுபடி சத்தம். இந்தத் தடவை கீழ் வீட்டு மெஹர்பானு மேல வந்துட்டாங்க. அவங்க வீட்லயே துணி தைக்கிறாங்க, பிளவுஸ், சுடிதார். நாள் பூரா எங்க ரூமுக்கு நேர் கீழதான் அவங்க மெஷின். நான் பேச்சுக்குத் தயாரா நின்னேன்.

"சாயங்காலம் தம்பி நடக்கறது பரவால்ல அண்ணே, அது பழகிடுச்சு"ன்னாங்க. "பதினோரு மணிக்கு வருதே, அதுதான். முன்னைக்கு இப்ப ரொம்ப பலமா இடிக்குது. மேல ஏதாச்சும் உடைஞ்சிருக்கான்னு பாருங்க."

"பதினோரு மணிக்கா? அந்த நேரத்துல இங்க ஆளே இல்லியேம்மா."

"அக்கா இருப்பாங்களே?"

"ஃப்ளோராவா? அவ இருப்பா. ஆளுன்னு நான் சொன்னது மெஷின்ல ஏற ஆளு."

மெஹர் என்னைப் பாத்தாங்க, சமையக்கட்டைப் பாத்தாங்க. அங்க ஃப்ளோரா முதுகைக் காட்டிக்கிட்டு கீரை ஆய்ஞ்சிட்டிருந்தா. "சரிண்ணே"ன்னு இறங்கிப் போயிட்டாங்க. நான் பின்னாலயே படி வரைக்கும் போய், அது மேல் டேங்குக்குத் தண்ணி ஏத்துற மோட்டாரா இருக்கும், பைப்புல அதிர்வு வரும்னு விளக்கிச் சொன்னேன். இருந்தாலும் அக்கம்பக்கத்துக்கு மரியாதை வேணும் இல்லியா. பழைய பஞ்சு மெத்தை ஒண்ணு இருந்துச்சு, அதை மடிச்சு மெஷினுக்கு அடியில திணிச்சேன். சத்தம் கொறைஞ்சுது. மெஷின் லேசா ஆடும், அவ்வளவுதான்.

தண்ணி வேணாமா? நான் குடிச்சுக்கறேன். தொண்டை காயுது.

அன்னைக்கு ஆபீஸ்ல மாச முடிவு. ஃப்ளோரா நம்பர்லேர்ந்து போன் வருது. எடுத்தா மெஹர் குரல்.

"ரெமிக்கு என்ன?"ன்னேன்.

"ரெமிக்கு ஒண்ணுமில்லண்ணே. அக்கா விழுந்துட்டாங்க. கை ஒடிஞ்சிருக்கும்போல."

"எங்க விழுந்தா? பாத்ரூம்லயா?"

"மெஷின்ல."

"துடைக்கும்போதா?"

"ஓடும்போதுண்ணே"ன்னாங்க.

நான் என்ன நெனைச்சேன்னா, வெச்சுட்டு மறுபடி கூப்பிடலாம், ஏதோ தப்பாக் காதுல விழுதுன்னு. ஓடும்போதாம். ஃப்ளோராவாம். நாப்பத்தெட்டு வயசு. பஸ்ஸைப் பிடிக்கக்கூட அவ ஓடி நான் பாத்ததில்ல.

ஆஸ்பத்திரியில கட்டுப் போட்டுப் படுக்க வெச்சிருந்தாங்க. வலது மணிக்கட்டு. கன்னத்துல பெல்ட் தேய்ச்ச காயம், சிவப்பா. கால்ல ரெமியோட பழைய ஷூ. எனக்கு அந்த ஷூவைத்தான் பாக்கத் தோணுச்சு. லேஸை ரெண்டு முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருக்கா, ஸ்கூல் பிள்ளை மாதிரி.

"எவ்ளோ நாளா?"ன்னு கேட்டேன்.

"வாங்கின வாரத்துலேர்ந்து."

"எதுக்கு? டாக்டர் சொன்னாரா? சுகரா? என்கிட்ட ஏன் சொல்லல?"

"சுகரெல்லாம் இல்ல."

"அப்புறம் எதுக்கு ஓடுற?"

அவ மேல ஃபேனைப் பாத்துக்கிட்டே சொன்னா, "அவன் போனதும் வீடு அப்படியே நிக்கும். நீங்க எங்கயும் போகாதன்னுட்டீங்க. இதுல ஏறினா போற மாதிரி இருக்கும்."

என்ன பதில் தம்பி இது? நான் அவளுக்குப் பக்குவமா எடுத்துச் சொன்னேன். பாரு, நீ விழுந்ததுக்குக் காரணம், பின்பக்கத்து வலது ரப்பர் கிழிஞ்சு பலகை ஒரு பக்கம் சாஞ்சிருக்கு. பலகை சாஞ்சா பெல்ட் விலகும். பெல்ட் விலகினா கால் ஓரத்துல மாட்டும். இது கம்பெனியோட குத்தம்னு சொன்னேன். அவ கண்ணை மூடிக்கிட்டா. வலி மாத்திரை குடுத்திருந்தாங்க, தூக்கம் வந்திருக்கும்.

வெளிய பெஞ்சுல மெஹர் உக்காந்திருந்தாங்க. மடியில பாதி தைச்ச துணி, அப்படியே எழுந்து ஓடி வந்திருக்காங்க. "நீங்க சத்தத்துக்காகத்தானே மேல வந்தீங்க"ன்னேன்.

"இல்லண்ணே, சத்தம் டக்குனு நின்னுச்சு. அதான் ஓடி வந்தேன்"னாங்க. "அக்கா ஓடறப்ப நான் அதுக்குத் தகுந்த மாதிரி தையல் மெஷினை மிதிப்பேன். அவங்க வேகமாப் போனா நானும் வேகமா. சில நாள் ரொம்ப வேகமாப் போவாங்க. அன்னைக்கெல்லாம் எனக்கு ரெண்டு பிளவுஸ் கூடுதலா முடியும்."

ரெண்டு பொம்பளைங்களும் மேலயும் கீழயுமா இத்தனை நாளா இதை நடத்தியிருக்காங்க. எனக்கு ஒரு வார்த்தை தெரியாது.

அப்புறம் நான் லீவு போட்டேன். ஃப்ளோராவுக்கு ஒரு கை இல்ல, ரெமியை யார் பாக்கறது? மெஷின் வேற பலகை விரிசல் விட்டுக் கெடக்கு. அவனுக்கு அது புரியல. சாயங்காலம் வந்து மெஷின் பக்கத்துல நிப்பான், பட்டனை அமுக்குவான், என் கையைப் பிடிச்சு அது மேல வைப்பான். ஓடலைன்னதும் வீட்டுக்குள்ளயே சுத்துவான். ஹால், பால்கனி, சமையக்கட்டு, ஹால். கதவுல தலையை இடிப்பான். நான் குறுக்க கையை வெச்சேன், என் கை வீங்கிப் போச்சு. ஒரு நாள் சமாளிச்சேன். மறுநாள் சமாளிச்சேன். அதுக்கு மேல என்னால ஆகல தம்பி. அவன் கையை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு ரோட்டுக்கு இறங்கிட்டேன். மாதாவே, இன்னைக்கு ஒரு நாள் காப்பாத்துன்னு வேண்டிக்கிட்டுதான் இறங்கினேன்.

முக்குல இளநீர்க்காரர் இருக்காரு. நான் அவரைப் பாத்ததுகூட இல்ல. அவரு, "என்ன ரெமி, ஆளையே காணும்?"ங்கறாரு. ரெமி நேரா போய் வண்டியில இருந்த இளநீரை ஒவ்வொண்ணா தட்டிப் பாக்கறான், அவரு தலையாட்டிட்டு நிக்கறாரு. அடுத்து சைக்கிள் கடை. கடைக்காரர் ஒரு சக்கரத்தை எடுத்து மாட்டி சுத்தி விடறாரு, இவன் குனிஞ்சு பாக்கறான், சக்கரம் நின்னதும் இவனே கிளம்பறான். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லல, கோயில் வழிபாடு மாதிரி நடக்குது. நான் பின்னாடியே போறேன்.

அப்புறம் ரோடு கடக்கற இடம். நான் அவன் மணிக்கட்டை நெரிச்சுப் பிடிச்சிருக்கேன். அவன் கையை உதறினான். எனக்கு உசிரே போச்சு. ஆனா அவன் ஓடல தம்பி. வெள்ளைக் கோடு இருக்கு பாருங்க, அதுல ரெண்டு காலையும் சேத்து வெச்சு நின்னான். குதிகால் தரையில பட்டிருந்துச்சு. போலீஸ்காரர் கையைக் காட்டி வண்டிகளை நிறுத்தினதும் என்னைத் திரும்பிப் பாத்தான். வர்றியான்னு கேக்கற மாதிரி. நான்தான் அப்படியே நின்னுட்டேன். பின்னாடி யாரோ "சார், போங்க சார்"னாங்க.

அந்தப் போலீஸ்காரர்தான் சொன்னாரு, "அம்மா எங்க சார்? தினம் மத்தியானம் கூட்டிட்டு வருவாங்களே."

தினம். நான் ரோடு கிடையாதுன்னு சொன்ன வீட்லேர்ந்து, தினம்.

வந்ததும் கேட்டேன். கோவமாத்தான் கேட்டேன். ஃப்ளோரா இடது கையால பூண்டு உரிச்சிட்டிருந்தா. "எனக்குத் தெரியாம கூட்டிட்டுப் போயிருக்க."

"தெரிஞ்சா விட்டிருப்பீங்களா?"

"மறுபடி ஒரு லாரி வந்திருந்தா?"

"அந்த லாரி வந்ததாலதான் கூட்டிட்டுப் போனேன். அவனுக்கு ரோடு கடக்கத் தெரியணும். நாம எத்தனை நாளைக்குக் கையைப் பிடிச்சுக்கிட்டு இருப்போம்? மழையில, வெயில்ல, அந்தக் கோட்டுல கொண்டுபோய் நிக்க வெச்சு நிக்க வெச்சுப் பழக்கினேன்."

"என்கிட்ட சொல்லியிருந்தா நானும் உதவியிருப்பேனே."

அவ பூண்டைக் கீழ வெச்சா. கத்தல, அழல. "நீங்க மெஷினைப் பாத்துக்கிட்டீங்க. நான் அவனைப் பாத்துக்கிட்டேன். ரெண்டுக்கும் ஆள் வேணும்தானே"ன்னா.

இது என்ன பேச்சு, நீங்களே சொல்லுங்க. மெஷினை யாருக்காகப் பாத்தேன்? வாரா வாரம் அழுக்குல படுத்து எண்ணெய் விட்டது யாருக்காக? அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு நேரம். ரெமி ஒரு வாய் வாங்கிட்டுப் பால்கனிக்குப் போறான், வர்றான். ஃப்ளோரா இடது கையால ஊட்டறா. நான் ஊட்டறேன்னு தட்டை வாங்கினேன். வாயை இறுக்கி மூடிக்கிட்டான். எந்த வாட்டத்துல நின்னா அவன் வாயைத் திறப்பான்னு எனக்குத் தெரியல. "ஜன்னல் பக்கம் நில்லுங்க"ன்னா அவ. நின்னேன். வாங்கிக்கிட்டான்.

இப்ப கட்டு பிரிச்சாச்சு. கை கொஞ்சம் வளைஞ்சாப்லதான் கூடியிருக்கு, ஆனா வேலை செய்யுது. சென்டர்ல இப்ப என் நம்பர்தான் இருக்கு. அவளேதான் போய் மாத்தி எழுதிக் குடுத்துட்டு வந்தா, என்கிட்ட வந்து சொன்னா, அவ்வளவுதான். போன வாரம் பெரிய அதிகாரி முன்னாடி உக்காந்திருக்கேன், போன். ரெமி சட்டையைக் கிழிச்சுக்கிட்டான், வாங்கன்னு. எழுந்து வர வேண்டியதாப் போச்சு. இத்தனை வருஷமா இப்படி எத்தனை போன் வந்திருக்கும்னு அன்னைக்கு பஸ்ல நின்னுக்கிட்டே யோசிச்சேன். அவ எப்பவுமே ஒண்ணும் விசேஷமில்லைன்னுதான் சொல்லுவா.

அவளா? இப்ப மைதானத்துக்குப் போயிருக்கா. ரெமி வேன் ஏறினதும் கிளம்பிடுவா, மெஹரும் கூட. மெஹர் புர்காவோட மெதுவா ஒரு சுத்து நடப்பாங்களாம், அதுக்குள்ள இவ எத்தனையோ சுத்து ஓடி முடிச்சிடுவாளாம். சொந்தமா ஷூ வாங்கியிருக்கா. ஒரு நாள் நானும் வரட்டுமான்னு கேட்டேன். "சென்டர்லேர்ந்து போன் வந்தா?"ன்னா. நியாயமாத்தான் கேட்டா. நான் இருந்துக்கிட்டேன்.

மெஷினை வித்துடுங்கன்னு சொன்னது அவதான். ரெமிக்கும் இப்ப இது வேணாம், அவனுக்கு இளநீர்க்காரர் வேணும். நான்தான் கொஞ்ச நாள் போகட்டும்னு பலகை மாத்தி, ரப்பர் மாத்தி வெச்சேன். நல்ல ஜெர்மன் ரப்பர்னு சொல்லிக் குடுத்தான். அதோட அருமை தெரிஞ்சவங்க கைக்குப் போகணும் இல்லியா. உங்க வீட்டம்மாவுக்குன்னீங்க. அவங்க கேட்டாங்களா, நீங்களா வாங்கித் தர்றீங்களா? சரி சரி, சும்மாதான் கேட்டேன்.

ஓட்டிப் பாக்கணுமா? தாராளமா. நீங்க ஏறுங்க. கால்ல அடியா? அப்ப நானே ஏறிக் காட்டறேன்.

சிரிக்காதீங்க தம்பி, நான் இதுல ஏறுறது இதுதான் மொதல் தடவை. அடியில படுத்திருக்கேன், மேல நின்னதில்ல. எது பச்சை? ஆங். ஓ, அதுவாவே இழுக்குது. பரவால்லியே. பாத்தீங்களா, சத்தம் வருதா? வராது. இப்ப நாலு ரப்பரும் வேலை செய்யுது. கால் வைக்கும்போது லேசா உள்வாங்கி, திருப்பிக் குடுக்குது பாருங்க.

கொஞ்சம் கூட்டிப் பாப்போமா. கைப்பிடியை விட்டாத்தான்... ஆமா, விட்டா பின்னாடிதான் போகுது. மெக்கானிக் சொன்னான். கை தன்னால வீசுது தம்பி.

மூச்சு வாங்குது, வாங்கட்டும். என்னமோ, முன்னாடி சுவருதான் இருக்கு. காலண்டர்தான் இருக்கு. இருந்தாலும்... இதுல நிக்கறப்ப யாரும் வந்து எதையும் எடுத்துக் குடுன்னு கேக்க முடியாது பாருங்க. அடுப்பு, கதவு, எதுவும்... இன்னும் கொஞ்சம் கூட்டறேன்.

போன் அடிக்குதா? சோபா மேல இருக்கு, யாருன்னு பாருங்க. பேர் இல்லியா, வெறும் நம்பரா? சென்டர்னா ரெமி சென்டர்னு பேர் வரும். அப்ப விடுங்க, அது லோன்காரன். அடிக்கட்டும்.

விலையா? விக்கறதைப் பத்தி... இருங்க தம்பி, இப்ப பேச முடியல. நாளைக்கு ஒரு போன் போடுங்க. இல்ல, இல்ல, நிறுத்த வேணாம். பட்டனைத் தொடாதீங்க. இன்னும் கொஞ்ச தூரம் போயிட்டு வந்துடறேன்.

நீங்க கிளம்பறதுன்னா, வெளிக்கதவை மட்டும் சாத்திட்டுப் போங்க.